மருந்து கலந்த கழிவுநீருக்கு எந்த மெம்பிரேன்? ரிஜெக்ட்டை எங்கே கொண்டுபோவது?

கலங்கல்தெளி:

எல்லோருக்கும் வணக்கம். முதுகலை கடைசி ஆண்டு. மருத்துவமனைக் கழிவுநீரில் இருக்கும் மருந்து எச்சங்களை மெம்பிரேன் (நுண்துளை உள்ள வடிதாள்) வைத்து எடுக்க முடியுமா என்பதுதான் ப்ராஜெக்ட். இரண்டு மாதமாக ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஆய்வகத்தில் உள்ளங்கை அகலத் தாளைப் பொருத்தி ஓட்டும் சின்ன செல் ஒன்று இருக்கிறது. அதில் அல்ட்ராஃபில்ட்ரேஷன் தாளையும், அதை விடச் சின்னத் துளையுள்ள நானோஃபில்ட்ரேஷன் தாளையும் மாற்றி மாற்றிப் போடுகிறேன். நிஜக் கழிவுநீருக்குப் போகும் முன் சுத்தமான நீரில் நான்கு மருந்துகளைக் கரைத்துப் பார்த்தேன்: டைக்ளோஃபெனாக் (வலி மருந்து), கார்பமசெபின் (வலிப்பு மருந்து), பாரசிட்டமால், அப்புறம் கருத்தடை மாத்திரையில் வரும் எத்தினைல் எஸ்ட்ராடயால்.

முதல் சில மணி நேரம் அல்ட்ரா தாளே அந்த ஹார்மோனை நன்றாகப் பிடித்தது. பெரிய சந்தோஷம். மறுநாள் பார்த்தால் ஏறக்குறைய முழுவதும் தாண்டிப் போகிறது. தாள் கிழிந்துவிட்டது என்று நினைத்துப் புதுத் தாள் போட்டேன், அதிலும் அதே கதை. நானோ தாளிலோ டைக்ளோஃபெனாக் நன்றாக நிற்கிறது, பாரசிட்டமால் மட்டும் தாராளமாகக் கடக்கிறது.

பக்கத்தில் இருப்பவர்கள் "ஆர்.ஓ. போடு, எல்லாம் போய்விடும்" என்கிறார்கள். உண்மையாகவே அவ்வளவுதானா? நான் எங்கே தப்பு செய்கிறேன்?

நுண்துளை:

நீங்கள் தப்பு எதுவும் செய்யவில்லை, உங்கள் தாளும் கிழியவில்லை. நீங்கள் பார்த்தது ஒட்டுதல், வடிகட்டல் இல்லை.

அளவை முதலில் பாருங்கள். அல்ட்ரா தாளின் துளை ஏறத்தாழ சில நானோமீட்டரிலிருந்து 100 நானோமீட்டர் வரை. தயாரிப்பாளர்கள் அதை மூலக்கூறு எடையில் சொல்வார்கள், சில ஆயிரம் டால்டனிலிருந்து ஒரு லட்சம் டால்டன் வரைக்கும் வரும். உங்கள் ஹார்மோனின் எடை 296. டைக்ளோஃபெனாக்கும் 296தான். கார்பமசெபின் 236, பாரசிட்டமால் 151. இவையெல்லாம் அந்தத் துளைக்கு முன்னால் கோயில் வாசலில் நுழையும் எறும்பு மாதிரி. பாக்டீரியாவை அல்ட்ரா தாள் நிறுத்தும், வைரஸில் பெரும்பகுதியை நிறுத்தும். கரைந்த மருந்தை அளவை வைத்து நிறுத்தவே முடியாது.

அப்படியென்றால் முதல் நாள் ஏன் நின்றது? அந்த ஹார்மோன் தண்ணீரை விட பிளாஸ்டிக்கையும் கொழுப்பையும் விரும்பும் மூலக்கூறு. தாளின் பாலிமரில் போய் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டுவதற்கு இடம் இருக்கும் வரை கீழே வரும் நீர் சுத்தமாகத் தெரியும், இடம் நிரம்பியதும் அப்படியே வழியத் தொடங்கும். இன்னொன்று, அந்த நிலையில் நீங்கள் பி.எச்.சை மாற்றினாலோ கழுவினாலோ ஒட்டியிருந்தது மொத்தமாகக் கிளம்பி வெளியே வரும். இரண்டு மணி நேர ஓட்டத்தை வைத்து "90 சதவீதம் நீக்கம்" என்று எழுதிவிடுபவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அதில் உண்மையான வருத்தம் உண்டு. தாள் நிரம்பி நிலையான பிறகு கிடைக்கும் எண்தான் எண். உங்கள் செல்லில் ஒரு நாள், இரண்டு நாள் தொடர்ந்து ஓட்டிய பிறகு அளந்து பாருங்கள்.

ஓட்டும் முறையிலும் ஒரு விஷயம். கீழே வரும் நீரையும் ரிஜெக்ட்டையும் (தாளைக் கடக்காமல் மேலே மிச்சமாகும் நீர்) திரும்பத் தொட்டியிலேயே விடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் தாளில் ஒட்டியது போகத் தொட்டியிலேயே அடர்த்தி குறைந்திருக்கும். தொடக்க அடர்த்தியோடு ஒப்பிட்டால் நீக்கம் பொய்யாக உயர்ந்து தெரியும். அந்தந்த நேரத்துத் தொட்டி மாதிரியோடு ஒப்பிட வேண்டும்.

கலங்கல்தெளி:

ஆமாம் சார், தொட்டிக்கே திரும்ப விடுகிறேன், தொடக்க அடர்த்தியோடுதான் கணக்குப் போட்டேன். இரண்டு மாத எண்களும் திருத்தப்பட வேண்டும் போல.

சரி, நானோ தாளில் டைக்ளோஃபெனாக் நின்று பாரசிட்டமால் போனதற்கு எடை மட்டும்தான் காரணமா? கார்பமசெபின் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

நுண்துளை:

எடை பாதி. மின்னூட்டம் மீதி. நானோ தாள் சுமார் 200 முதல் 1000 டால்டன் வரைக்கும் எங்கேயாவது வெட்டும் (அதற்கு மேல் எடையுள்ளதை நிறுத்தும்), எந்தத் தாள் என்பதைப் பொறுத்து. உங்கள் மருந்துகள் எல்லாமே அந்த எல்லைக்கு ஒட்டியோ கீழேயோதான் இருக்கின்றன, அதனால் அளவு மட்டும் காப்பாற்றாது.

டைக்ளோஃபெனாக் ஓர் அமிலம், அதன் பி.கே.ஏ. (பி.எச். இதைத் தாண்டினால் அமிலம் மின்னூட்டம் பெறும்) 4 சொச்சம். பி.எச். 7 உள்ள நீரில் அது நெகட்டிவ் மின்னூட்டத்தோடு திரியும். பாலிஅமைடு மேற்பூச்சுள்ள தாளும் அந்த பி.எச்.சில் நெகட்டிவ் மின்னூட்டம்தான். இரண்டும் தள்ளிக்கொள்ளும், மருந்து மேலேயே நிற்கும். ஐபுப்ரோஃபெனுக்கும் இதே கதைதான், எடை 206தான் என்றாலும் நன்றாக நிற்கும். கார்பமசெபினுக்குக் கழிவுநீர் பி.எச்.சில் மின்னூட்டமே கிடையாது, வெறும் உடல் அளவை வைத்துத்தான் நிற்க வேண்டும். பாரசிட்டமாலுக்கு மின்னூட்டமும் இல்லை, அளவும் சிறிது, அது கடக்கத்தான் செய்யும்.

டைக்ளோஃபெனாக் நீரை பி.எச். 4க்குக் கீழே இறக்கி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். தள்ளுவிசை போய், அதே தாளில் நீக்கம் இறங்குவதை உங்கள் கண்ணாலேயே பார்க்கலாம். ஆய்வேட்டில் அது ஒரு நல்ல படமாக வரும்.

மருந்தகத்து_மல்லி:

நான் மருந்தாளுநர், மெம்பிரேன் பற்றித் தெரியாது, வாசித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு கேள்வி. நீரில் இருப்பது லிட்டருக்கு நானோகிராம், மைக்ரோகிராம் அளவு. நாங்கள் ஒரு மாத்திரையில் 500 மில்லிகிராம் கொடுக்கிறோம். அவ்வளவு சிறிய அளவுக்கு இவ்வளவு மெனக்கெடல் தேவையா என்று வேலை இடத்தில் கேட்கிறார்கள். டைக்ளோஃபெனாக்கால் கழுகுகள் செத்தது பற்றிச் சொன்னால் வாயடைத்துப் போகிறார்கள், ஆனால் அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஆய்வக_இரவு:

அக்கா, கழுகு உதாரணத்தைக் கழிவுநீருக்குச் சொல்லாதீர்கள், தெரிந்தவர் யாராவது இருந்தால் மடக்கிவிடுவார்கள். பாறு கழுகுகள் செத்தது டைக்ளோஃபெனாக் ஊசி போடப்பட்ட மாடுகளின் இறைச்சியைத் தின்றதால், சிறுநீரகம் செயலிழந்து. 2004இல் காரணம் கண்டுபிடிக்கப்பட்டது, 2006இல் இந்தியாவில் கால்நடைக்கு அதைக் கொடுப்பது தடை செய்யப்பட்டது. தண்ணீர் வழியாக நடந்தது அல்ல. மருந்து நம் உடலோடு முடிந்துவிடுவதில்லை என்பதற்கு மட்டும் அது சாட்சி.

தண்ணீருக்கு உதாரணம் வேண்டும் என்றால் கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தில் சோதனைக்கென்றே ஒதுக்கிய ஏரிகள் உண்டு. அதில் 260ஆம் எண் ஏரியில் 2001 முதல் 2003 வரை மூன்று கோடைகாலம் இதே எத்தினைல் எஸ்ட்ராடயாலை லிட்டருக்கு 5, 6 நானோகிராம் இருக்கும்படி கலந்தார்கள். ஆண் மீன்களின் உடலில் முட்டைக்கரு புரதம் உண்டானது, விந்தகம் வளர்ச்சி கெட்டது, ஃபேட்ஹெட் மின்னோ என்ற சின்ன மீன் அந்த ஏரியில் ஏறக்குறைய இல்லாமலே போனது. 2007இல் முடிவு வெளிவந்தது. 5 நானோகிராம் என்பது ஒரு கிராமை இருபது கோடி லிட்டரில் கரைத்த அளவு. வேலை இடத்தில் இதைச் சொல்லுங்கள்.

எல்லா மருந்தும் இப்படி இல்லை. பாரசிட்டமால் நானோகிராம் கணக்கில் மீனை ஒன்றும் செய்யாது. ஹார்மோனும் ஆன்டிபயாட்டிக்கும்தான் என்னைத் தூங்கவிடாதவை. மருந்து ஆலைக் கழிவு இதில் சேர்த்தியே இல்லை, அது வேறு அளவு: ஹைதராபாத் பக்கம் பட்டஞ்சேரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் இருந்து சுத்திகரித்து வெளியே விட்ட நீரில் சிப்ரோஃப்ளாக்சாசின் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை இருந்ததாக 2007இல் வெளியான ஆய்வு சொன்னது. மில்லிகிராம், நானோ இல்லை. சுமார் 90 மருந்து ஆலைகளின் கழிவு சேரும் இடம் அது.

மருந்தகத்து_மல்லி:

திருத்தியதற்கு நன்றி தங்கை. இத்தனை நாள் கழுகைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இருபது கோடி லிட்டர் கணக்கை எழுதி வைத்துக்கொண்டேன்.

ஷிஃப்ட்_இன்சார்ஜ்:

நான் 14 வருடமாக எம்.பி.ஆர். பிளான்ட் (பாக்டீரியாத் தொட்டியும் மெம்பிரேனும் சேர்ந்தது) ஓட்டுகிறேன். தொட்டிக்குள்ளேயே ஹாலோ ஃபைபர் மெம்பிரேன் முங்கிக் கிடக்கும், பி.வி.டி.எஃப். இழை, 0.04 மைக்ரான் துளை. ஃப்ளக்ஸ் சதுர மீட்டருக்கு மணிக்கு 18, 20 லிட்டர் வைத்தால் நிம்மதியாக ஓடும், பேராசைப்பட்டு 25க்கு மேல் ஏற்றினால் டி.எம்.பி. (மெம்பிரேனின் இரு பக்கத்துக்கும் இடையிலான அழுத்த வேறுபாடு) ஏறிக்கொண்டே போய் வாரம் தவறாமல் ஹைப்போ (குளோரின் கரைசல்) போட்டுக் கழுவ வேண்டி வரும். வெளியே வரும் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். சி.ஓ.டி., பி.ஓ.டி. (நீரில் உள்ள கரிம அழுக்கைக் காட்டும் அளவுகள்) எல்லாம் அருமையாக வரும்.

அதனால் மருந்தும் போயிருக்கும் என்றுதான் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். ஒருமுறை வெளி ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பினார்கள். பாரசிட்டமால், ஐபுப்ரோஃபென் இரண்டும் உள்ளே நிறைய, வெளியே ஏறக்குறைய இல்லை. ஆனால் கார்பமசெபின் உள்ளே வந்ததை விட வெளியே போனது அதிகம்! ரிப்போர்ட்டைப் பார்த்து மேலே இருப்பவர்கள் என்னைத்தான் கேட்டார்கள், மாதிரி பாட்டிலை மாற்றி வைத்துவிட்டாயா என்று. மாற்றவில்லை, நானே லேபிள் ஒட்டினேன். இன்றைக்கும் அது மனதில் உறுத்துகிறது. இது எப்படி நடக்கும், யாராவது சொல்லுங்கள்.

ஆய்வக_இரவு:

அண்ணே, பாட்டில் மாறவே இல்லை. நீங்கள் உறுத்தலைத் தூக்கிப் போடலாம்.

மருந்தை உடல் அப்படியே வெளியே தள்ளுவதில்லை. அதில் ஒரு பகுதியோடு குளுக்குரோனிக் அமிலத்தைக் கோத்து, தண்ணீரில் சுலபமாகக் கரையும்படி செய்துதான் சிறுநீரில் விடுகிறது. நாங்கள் எல்.சி.-எம்.எஸ். கருவியில் (மூலக்கூறுகளைப் பிரித்து எடையை வைத்து அடையாளம் காணும் கருவி) தேடுவது தாய் மருந்தின் எடையை. கோத்த வடிவத்துக்கு வேறு எடை, அதனால் உள்வரும் நீரில் அது எங்கள் கணக்கில் வராது. உங்கள் தொட்டியில் பாக்டீரியா அந்தக் கோர்வையை வெட்டிவிடும், தாய் மருந்து திரும்ப வெளிப்படும். பாக்டீரியா கார்பமசெபினைத் தொடுவதே இல்லை என்பதால் அது அப்படியே வெளியே போகும். ஆகவே வெளியே அதிகம்.

இன்னும் இரண்டு காரணமும் சேரலாம். உள்வரும் நீர் அழுக்கு, அந்த அழுக்கு கருவியில் சிக்னலை அமுக்கும், ஐசோடோப் போட்ட உள்தரம் (ஒப்பிட்டுத் திருத்த, அளவு தெரிந்து சேர்க்கும் அதே மருந்து) சேர்க்காத ஆய்வகம் என்றால் உள்ளே இருந்தது குறைவாகவே தெரியும். அப்புறம், ஒரே மணிக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரு குவளை எடுத்தால் அவை ஒரே தண்ணீர் இல்லை. நீர் தொட்டியில் தங்கும் நேரத்தைத் தள்ளிவைத்து, 24 மணி நேரக் கலவை மாதிரி எடுக்க வேண்டும்.

உங்கள் பிளான்ட்டில் ஐபுப்ரோஃபென் காணாமல் போனதற்கும் மெம்பிரேன் காரணம் இல்லை, அது பாக்டீரியாவின் வேலை. மெம்பிரேன் செய்தது அந்தப் பாக்டீரியாவை வெளியே போகவிடாமல் வைத்துக்கொண்டது. கசடு 20, 30 நாள் தங்குவதால் மெதுவாக வளரும் இனங்களும் நிலைத்து நிற்கின்றன.

ஷிஃப்ட்_இன்சார்ஜ்:

இத்தனை வருடம் கழித்து இன்றைக்குத்தான் புரிகிறது. மனமார்ந்த நன்றி அம்மா.

ஓசோன்_பக்கம்:

குறுக்கே வருவதற்கு மன்னியுங்கள். மருந்து எடுக்க நானோவும் ஆர்.ஓ.வும் எதற்கு என்பதுதான் என் கேள்வி. சுவிட்சர்லாந்தில் 2016 முதல் சட்டமே இருக்கிறது, குறிப்பிட்ட பிளான்ட்டுகள் நுண்மாசுகளை 80 சதவீதம் எடுத்தாக வேண்டும். அவர்கள் மெம்பிரேனுக்குப் போகவில்லை, ஓசோனும் ஆக்டிவேட்டட் கார்பனும்தான். 2024இல் வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய கழிவுநீர் ஆணையும் நான்காம் கட்டச் சுத்திகரிப்பு என்று இதைத்தான் பெரிய பிளான்ட்டுகளிடம் கேட்கிறது, செலவில் குறைந்தது 80 சதவீதத்தை மருந்து, அழகுசாதனத் தயாரிப்பாளர்கள் தலையில் வைக்கிறது. ஆர்.ஓ.வுக்கு 10, 15 பார் அழுத்தம் கொடுத்து எல்லாத் தண்ணீரையும் தள்ள வேண்டும். ஓசோனுக்கு, கரைந்த கரிமக் கார்பன் ஒரு கிராமுக்கு அரை கிராம் சொச்சம் ஓசோன் போதும், டைக்ளோஃபெனாக்கும் கார்பமசெபினும் நொடிகளில் உடையும். மெம்பிரேன் எதையும் உடைப்பதில்லை, இடம் மாற்றி வைக்கிறது.

நுண்துளை:

கடைசி வரி முழுக்க உண்மை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் முழுப் படத்தையும் சொல்லுங்கள். எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேனுக்குக் கொடுக்கும் அயோடின் மருந்து, உதாரணமாக அயோப்ரோமைடு, ஓசோனோடு மிக மெதுவாகத்தான் வினை புரியும். மருத்துவமனைக் கழிவில் அதுதான் நிறைய. அதன் எடை 791, நானோ தாள் அதைச் சுலபமாகப் பிடித்துவிடும். நீரில் புரோமைடு இருந்தால் ஓசோன் அதைப் புரோமேட் ஆக்கும், குடிநீரில் அதற்கு உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். ஓசோன் உடைத்த துண்டுகள் என்ன என்பதையும் பார்க்க வேண்டும்.

நீர் எங்கே போகப்போகிறது என்பதுதான் இங்கே தீர்மானிக்கும். ஆற்றில் விடுவதாக இருந்தால் நீங்கள் சொல்வது சரி, 80 சதவீதம் போதும், கார்பனும் ஓசோனும் மலிவு. திரும்பக் குடிநீராக்குவது என்றால் வேறு. கலிஃபோர்னியாவில் ஆரஞ்சு கவுண்டி 2008 முதல் மைக்ரோஃபில்ட்ரேஷன், அடுத்து ஆர்.ஓ., அடுத்து புற ஊதாக் கதிரோடு ஹைட்ரஜன் பெராக்சைடு என்று மூன்று படியில் சுத்தம் செய்து நிலத்தடி நீரில் சேர்க்கிறது. அங்கே ஆர்.ஓ.வுக்குப் பிறகும் மூன்றாவது படி ஏன்? என்.டி.எம்.ஏ. (கிருமிநீக்கத்தில் உண்டாகும் ஒரு துணைப்பொருள்) மாதிரி 74 டால்டன் எடையுள்ள, மின்னூட்டம் இல்லாத மூலக்கூறு ஆர்.ஓ.வையும் கணிசமாகக் கடந்துவிடும். கலங்கல்தெளி முதலில் கேட்டாரே, ஆர்.ஓ. போட்டால் எல்லாம் போய்விடுமா என்று, அதற்குப் பதில் இதுதான். உப்பை 98 சதவீதம் நிறுத்தும் தாள் இருக்கலாம். டி.டி.எஸ். மீட்டர் காட்டுவது உப்பை மட்டும்தான், சின்ன நடுநிலை மூலக்கூறு கடந்ததை அது காட்டவே காட்டாது.

ஷிஃப்ட்_இன்சார்ஜ்:

தம்பிகளா, இரண்டு பேரும் நன்றாகப் பேசுகிறீர்கள், ஆனால் ரிஜெக்ட் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. பிளான்ட் ஓட்டுகிறவனுக்கு அதுதான் தலைவலி. 100 லிட்டர் உள்ளே விட்டு 80 லிட்டர் நல்ல தண்ணீர் எடுத்தால், மீதி 20 லிட்டரில் மருந்து எல்லாம் ஐந்து மடங்காக நிற்கிறது. அதைத் திரும்ப பிளான்ட் தலைமாட்டிலேயே கொண்டுபோய் விடுகிற இடத்தை நான் பார்த்திருக்கிறேன். பாக்டீரியா தொடாத மருந்து சுற்றிச் சுற்றி வந்து ஏறிக்கொண்டே போகும், கூடவே உப்பும் ஏறும், கடைசியில் பாக்டீரியாவே சோர்ந்துவிடும். ஓடையில் விட்டாலோ, எடுத்த மருந்தை வேறு வாசல் வழியாகத் திரும்ப அனுப்பியதாகிவிடும். அப்படிச் செய்வதற்கு மெம்பிரேன் போடாமலே இருந்திருக்கலாம்.

ஓசோன்_பக்கம்:

அண்ணன் சொல்வதில்தான் நாங்கள் இருவரும் சேரலாம் என்று நினைக்கிறேன். ஐந்தில் ஒரு பங்கு நீரில் மருந்து அடர்ந்து நின்றால், அந்த ஒரு பங்கை மட்டும் ஓசோனிலோ கார்பன் படுகையிலோ விடலாம், தொட்டி சிறிதாகும். ஆனால் அங்கே கரிமப் பொருளும் ஐந்து மடங்கு, அது ஓசோனைத் தின்றுவிடும், புரோமைடும் ஏறியிருக்கும். அதனால் ரிஜெக்ட்டுக்கு என் முதல் தேர்வு கார்பன், ஓசோன் அடுத்து.

இன்னொரு வழியும் உண்டு, கலங்கல்தெளிக்கு அது உதவலாம். நானோவை விட்டுவிட்டு, தூள் கார்பனை லிட்டருக்கு 10, 20 மில்லிகிராம் நீரில் கலந்து அல்ட்ரா தாளில் ஓட்டுங்கள். மருந்தை கார்பன் பிடிக்கும், கார்பனை அல்ட்ரா பிடிக்கும். அழுத்தம் ஒரு பார் அளவுதான், ரிஜெக்ட் என்று உப்புநீர் வராது, மருந்து ஒட்டிய கார்பன் கசடு வரும், அதை எரித்துவிடலாம். டென்மார்க்கில் ஹெர்லேவ் மருத்துவமனையில் 2014இல் தொடங்கிய பிளான்ட்டிலும் எம்.பி.ஆருக்குப் பின்னால் கார்பன், ஓசோன், புற ஊதா என்றுதான் அடுக்கியிருக்கிறார்கள், மெம்பிரேனைத் தனியாக நம்பவில்லை.

மருந்தகத்து_மல்லி:

அந்த ஸ்கேன் மருந்து கிட்டத்தட்ட முழுவதும் ஒரு நாளுக்குள் சிறுநீரில் வந்துவிடும். நோயாளியிடம் சிறுநீர் சேகரிக்கும் பை கொடுத்து அனுப்பினால் கழிவுநீருக்கே வராதே? வடிகட்டி எடுப்பதை விட கலக்காமல் வைப்பது எளிது இல்லையா?

ஆய்வக_இரவு:

அக்கா, ஜெர்மனியில் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள், பை கொடுத்து. அந்த ஒரு வகை மருந்துக்கு இதை விட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் யார், எப்போது, எவ்வளவு எடுத்தார்கள் என்பது துல்லியமாகத் தெரியும். வீட்டில் மாதக்கணக்கில் விழுங்கும் கார்பமசெபினுக்கு இது நடக்காது.

கலங்கல்தெளி:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு முழுக்கத் திட்டத்தைத் திருப்பி எழுதினேன்.

நானோ ஓட்டத்தை 48 மணி நேரமாக நீட்டுகிறேன், 24க்குப் பிறகு வரும் எண்ணை மட்டும் நீக்கமாக எழுதுவேன். பி.எச். 4 ஓட்டம் ஒன்று. அடுத்து, தூள் கார்பனோடு அல்ட்ரா. நான்கு மருந்தோடு அயோப்ரோமைடையும் சேர்க்கிறேன். ரிஜெக்ட்டை இதுவரை சிங்க்கில் கொட்டிக்கொண்டிருந்தேன், உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இனி ஒவ்வொரு ஓட்டத்திலும் ரிஜெக்ட்டை அளந்து, முடிந்ததும் தாளை மெத்தனாலில் ஊறவைத்து அதில் வருவதையும் அளந்து, போட்டது எவ்வளவு, கீழே வந்தது எவ்வளவு, மேலே நின்றது எவ்வளவு, தாளில் ஒட்டியது எவ்வளவு என்று கணக்கு நேராகிறதா பார்க்கப் போகிறேன். ஆய்வேட்டின் தலைப்பையே "நீக்கம்" என்பதிலிருந்து "எங்கே சேர்கிறது" என்று மாற்றலாமா என்று வழிகாட்டியிடம் கேட்டிருக்கிறேன். விட்டுப்போனது ஏதாவது இருக்கிறதா?

ஷிஃப்ட்_இன்சார்ஜ்:

நிஜக் கழிவுநீருக்கு மாறும்போது ஃபவுலிங் வரும் தம்பி, எல்லா எண்ணும் மாறும், பயப்படாதே. மேலே படியும் அழுக்கும் ஒரு தாள் மாதிரிதான், சில மருந்தை அது நிறுத்தும், சிலதை உள்ளே தள்ளும். கழுவினதற்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு மாதிரி எடுத்து வை. நானோ தாளுக்கு ஹைப்போ மட்டும் போட்டுவிடாதே, பாலிஅமைடு குளோரினைத் தாங்காது.

ஆய்வக_இரவு:

ஒன்று விட்டுப்போனது. கார்பன் ஓட்டத்தில் எடுக்கும் மாதிரியைக் கருவிக்கு அனுப்பும் முன் சிரிஞ்சில் மாட்டும் சின்ன ஃபில்டரில் வடிப்பீர்கள் அல்லவா, அது நைலானா என்று பாருங்கள். அதுவும் ஒரு மெம்பிரேன்தான், அதிலும் உங்கள் ஹார்மோன் ஒட்டும், கார்பன் பிடித்தது என்று தப்பாக எழுதிவிடுவீர்கள். கண்ணாடி இழை ஃபில்டருக்கு மாறுங்கள், முதலில் வரும் சில மில்லிலிட்டரைக் கொட்டிவிடுங்கள், மருந்து அளவு தெரிந்த நீரை ஒருமுறை அதே ஃபில்டரில் வடித்து எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்றும் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். மாதிரிகளைப் பழுப்புக் கண்ணாடிப் பாட்டிலில் எடுத்து, எடுத்த உடனே குளிரில் வைத்துவிடுங்கள்.